சம்பந்தி வீட்டுப் பிள்ளை

ஜனவரி 12

அன்புள்ள சம்பந்தி அம்மாளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது, வார்டில் கால் கடுக்க நிற்பதைக் குறைத்துக்கொண்டீர்களா என்பதை முதலில் எழுதுங்கள். எல்லை தாண்டிப் போன் பேசுவதை அரசாங்கம் நிறுத்தியதிலிருந்து தபால்காரர்தான் எனக்குக் கண்கண்ட தெய்வம். என் பெண்ணுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்த சந்தோஷத்தில், வெட்டிக்கொண்டிருந்த சட்டைத் துணியைக் கோணலாக வெட்டிவிட்டேன். துணி கொடுத்தவர் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார். திட்டட்டும். உங்கள் பெரியவனும் என் பெண்ணும் வேலை பார்த்த இடத்தில் பழகி, கல்யாணம் என்று வந்து நின்றபோது, போயும் போயும் எல்லைக்கு அந்தப் பக்கமா பெண் கொடுப்பாள் என்று இந்தத் தெருவே என்னைப் பார்த்துச் சிரித்தது. இப்போது நான் பாட்டியாகப் போகிறேன்.

இன்னொரு செய்தி. உங்கள் சின்னவன் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். வெளிநாட்டு வேலையில் லீவு கிடைத்ததாம், அங்கிருந்தே நேராக வந்துவிட்டான். அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். நானே அப்புறம் எழுதிக்கொள்கிறேன், நீங்கள் எழுத வேண்டாம் என்றான். எனக்கு வாய் சும்மா இருக்குமா, எழுதிவிட்டேன்.

கல்யாணத்தில் உங்கள் பக்கத்து ஆட்களுக்கு நாற்காலி போதவில்லை என்று நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதை நான் மறக்கவில்லை. அதற்கும் சேர்த்து இவனுக்கு உபசாரம் நடக்கிறது. எத்தனை நாள் இருப்பான் என்று நான் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டுப் பிள்ளையிடம் அதையெல்லாம் கேட்பது மரியாதையா?

இவருக்குத்தான் கொண்டாட்டம். குடிநீர் நிலையத்தில் காலமெல்லாம் பம்ப் பார்க்கிறவர். அதைப் பற்றி வாயெடுத்தாலே நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். சின்னவன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்கிறான். நேற்று அவனைக் கூட்டிக்கொண்டு போய் நிலையம் முழுவதையும் காட்டியிருக்கிறார். எந்த வால்வைத் திறந்தால் எந்தத் தெருவுக்குப் போகும், காவலுக்கு எத்தனை பேர் என்று ஒன்று விடாமல் கேட்டானாம். "மாப்பிள்ளைய விட இவன்தான்டி விவரம்" என்கிறார். பெரியவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவள்


ஜனவரி 30

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

மருமகளுக்குக் காலையில் வாந்தி இருக்கிறது. இந்த மாதத்தில் அது இருக்கத்தான் செய்யும். ரத்தம் கொஞ்சம் குறைவு, மாத்திரை கொடுக்கிறோம். எங்கள் மருத்துவமனைப் பிரசவ டாக்டரிடமே காட்டுகிறேன். மாடிப்படி ஏற விடுவதில்லை. பெரியவன் அவளுக்குக் கதை படித்துக் காட்டுகிறான், அவள் தூங்கிவிடுகிறாள், அவன் தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கிறான்.

சின்னவன் தொல்லை கொடுத்திருந்தால் மன்னிக்கவும். அவன் கிளம்பிவிட்டானா? கிளம்பியிருந்தால் எந்த ஊருக்குப் போவதாகச் சொன்னான்? தனியாக வந்தானா, கூட யாராவது வந்தார்களா? எதையாவது கொடுத்துவிட்டுப் போனானா? உடனே பதில் போடவும்.

என் மூட்டுவலிக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
பிள்ளையைப் பெற்றவள்


பிப்ரவரி 15

அன்புள்ள சம்பந்தி அம்மாளுக்கு,

நாங்கள் சௌக்கியம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்ததோ என்று ஒரு நிமிடம் பயந்துவிட்டேன். கேள்வி மேல் கேள்வி. பாராட்டி இரண்டு வரி எழுதுவீர்கள் என்று பார்த்தால், நீங்கள் நீங்கள்தான்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சின்னவன் தனியாகத்தான் வந்தான், போன வாரம் கிளம்பிவிட்டான். எந்த ஊர் என்று சொல்லவில்லை. கிளம்பும் முன் என் தையல் கடைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த பெயர்ப்பலகையை ஆணி அடித்து நிமிர்த்திக் கொடுத்தான். அவன் அண்ணன் கல்யாணமாகி ஒரு மாதம் இங்கே இருந்தானே, ஒரு பல்பு மாற்றியிருப்பானா?

ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வேலைக்கான கருவிகளாம், லேசில் உடையக்கூடியதாம், பூட்டியிருக்கிறது. அடுத்த மாதம் வந்து எடுத்துக்கொள்வான். "திறக்க மாட்டீங்கல்ல அத்தை?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். பிறத்தியார் பெட்டியைத் திறக்கிற குடும்பமா நாங்கள் என்று நானும் சிரித்தேன். கடைக்குள், என் தையல் மிஷினுக்கு நேர் மேலே இருக்கும் பரணில் ஏற்றி வைத்திருக்கிறேன்.

பக்கத்து ஊரில் பஸ்ஸில் குண்டு வெடித்ததைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். வேலைக்குப் போன ஜனங்கள் அத்தனை பேரும் போய்விட்டார்கள். என்னிடம் பொத்தான் வாங்குகிற ஒரு பெண்ணும் அதில் இருந்தாள். உங்கள் நாட்டு ஆட்கள்தான் செய்தது என்கிறார்கள். எதிர்வீட்டுக்காரி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். "எங்க சம்பந்தி ஆஸ்பத்திரியில உயிரைக் காப்பாத்தறவங்க, அவங்களும் அந்த நாடுதான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன். மனசு ஆறவில்லை.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவள்


மார்ச் 10

அன்புள்ள சம்பந்தி அம்மாளுக்கு,

அங்கே அனைவரும் சுகந்தானே? பதிலே இல்லை. நான் நோட்டீஸ் என்று எழுதியதில் கோபமா? கோபம் என்றால் நாலு வார்த்தை திட்டியாவது எழுதுங்கள். என் பெண்ணிடமிருந்தும் கடிதம் இல்லை. எல்லை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ராத்திரியெல்லாம் லாரிகள் வடக்கே போகின்றன, மேலே தார்ப்பாய் போட்டு மூடி.

சின்னவன் இங்கே எங்கிருந்தோ போன் செய்தான், மாதக் கடைசியில் வருகிறானாம். குரல் ஒரு மாதிரி இருந்தது, சளி பிடித்திருக்கும். என் பெண் எப்படி இருக்கிறாள்? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவள்


மார்ச் 12

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகள் நலமாக இருக்கிறாள், வயிற்றுப் பிள்ளையும் நலம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதியைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள். எங்கள் டாக்டர் ஒருவர் வேறு நாட்டுக்குப் போகிறார், அங்கிருந்து இதைத் தபாலில் போடுவார். நம் இரண்டு நாட்டுத் தபாலையும் நம்பி இதை அனுப்ப முடியாது.

சின்னவன் வெளிநாட்டில் வேலை பார்க்கவில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போய் அந்த ஆட்களோடு சேர்ந்துவிட்டான். பஸ்ஸில் குண்டு வைக்கிற ஆட்கள். பெரியவனிடமும் மருமகளிடமும் உங்களிடமும் வெளிநாட்டு வேலை என்று சொன்னேன். அவன் அப்பா எல்லைச் சண்டையில் செத்தபோது அவனுக்குப் பத்து வயது. அந்தக் கோபத்தை நான் வளர்க்கவில்லை. வேறு யாரோ வளர்த்தார்கள், நான் வார்டில் இருந்தேன்.

உங்கள் ஜனவரிக் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்தது. அத்தை வீட்டில் நல்ல சாப்பாடு சாப்பிடப் போயிருப்பான், வேறொன்றும் இருக்காது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பம்ப் நிலையத்தைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகளை மட்டும் தாண்டித் தாண்டிப் படித்தேன். பெட்டி என்று வந்த பிறகு தாண்ட முடியவில்லை.

அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள். நகர்த்தவும் வேண்டாம். இதைப் படித்து முடித்ததும் இரண்டு பேரும் வீட்டை விட்டு வெளியே போய்ப் போலீசிடம் சொல்லுங்கள். அவன் திரும்பி வருவதாகச் சொன்னதையும் சொல்லுங்கள்.

ஒன்று கேட்கிறேன். கேட்க எனக்கு உரிமை இல்லை. அவனை உயிரோடு பிடிக்கச் சொல்லுங்கள். தெருவில் பிடித்தால் ஓடுவான், ஓடினால் சுடுவார்கள். உங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது பிடித்தால் ஓட மாட்டான். உங்கள் வீட்டில் அவனுக்குப் பயமில்லை.

பிள்ளையைப் பெற்றவள்


ஏப்ரல் 4

சம்பந்தி அம்மாளுக்கு,

சின்னவன் உயிரோடு இருக்கிறான். ஒரு கீறல் இல்லை.

உங்கள் கடிதத்தை இவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு என்னையும் வெளியே இழுத்துக்கொண்டு போலீசிடம் ஓடினார். போலீஸ் வந்தது, தெருவையே காலி செய்தார்கள், மூட்டை மாதிரி உடுப்புப் போட்ட ஒருவர் பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினார். உள்ளே இருந்ததை எனக்குச் சொன்னார்கள். இந்தத் தெரு மட்டுமில்லை, நிலையத்தோடு சேர்த்துப் பாதி ஊருக்குப் போதுமாம்.

அதன் பிறகு அவனுக்காகக் காத்திருந்தோம். எப்போதும் போல இருங்கள் என்றார்கள். எப்படி அம்மா இருப்பது? கதவைத் தட்டினான், திறந்தேன், உட்காரச் சொன்னேன், குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். "இளைச்சுட்டீங்களே அத்தை" என்றான். அடுத்த அறையிலிருந்து வந்தார்கள். நீங்கள் எழுதியபடியே அவன் ஓடவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைத்தான் பார்த்தான். அந்தப் பார்வையை நீங்களே வந்து வாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

உங்கள் மேல் கோபமில்லை என்று பொய் எழுத எனக்கு வராது. ஜனவரியிலேயே தெரிந்திருக்கிறது உங்களுக்கு. அந்தப் பரணுக்குக் கீழே ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்து ஊராருக்குத் துணி தைத்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் என் கடையில்தான் விளையாடும். உங்களுக்கு உங்கள் பிள்ளை முக்கியம். சரி, எனக்கும் ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறாள்.

இவரை வேலையிலிருந்து நிறுத்தி விசாரிக்கிறார்கள். நிலையத்துக்குள் அவனைக் கூட்டிப் போனவர் இவர்தானே. வெளியே தலை காட்டுவதில்லை, சாப்பாடும் இறங்கவில்லை.

என் பெண்ணை எனக்கு அனுப்பிவிடுங்கள். எந்த வழியாக என்பது எனக்குத் தெரியாது. சண்டை மூளும் முன் அனுப்பிவிடுங்கள்.

பெண்ணைப் பெற்றவள்


ஜூன் 9

சம்பந்தி அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் உயிரோடு இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கைக்கு வந்த வாரமே சண்டை தொடங்கிவிட்டது. அனுப்ப வழியே இல்லாமல் போயிற்று. இப்போது நிவாரண அமைப்பு ஒன்று இரண்டு பக்கத்துக் கடிதங்களையும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு கடிதம், ஒரு தாள், பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்கள்.

உங்கள் மகளை மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், மருந்து அறையில் வைத்திருக்கிறேன். இங்கே அதை விடப் பத்திரமான இடம் இல்லை. ஏழாம் மாதம் நடக்கிறது. குழந்தையின் துடிப்பை நானே தினமும் பார்க்கிறேன். பெரியவனும் அவளோடு இருக்கிறான். நடந்ததை எல்லாம் இருவரிடமும் சொல்லிவிட்டேன். அவள் கொஞ்ச நாள் என் முகத்தில் விழிக்கவில்லை. ஒரு நாள் குண்டுச் சத்தம் அதிகமாக இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள், அதிலிருந்து பேசுகிறாள்.

நீங்கள் எழுதிய எல்லாம் நியாயம். அவனை எந்த ஜெயிலில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியுமா? சாப்பிடுகிறானா? தெரியாவிட்டால் பரவாயில்லை.

கீழே உங்கள் மகள் ஒரு வரி எழுத வேண்டும் என்கிறாள்.

பிள்ளையைப் பெற்றவள்

அம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன். அத்தையைத் திட்டாதே, அவங்க தூங்கறதே இல்லை.


ஜூலை 6

அன்புள்ள சம்பந்தி அம்மாளுக்கு,

உயிரோடு இருக்கிறோம். என் பெண்ணின் கையெழுத்தைப் பார்த்த பிறகு உங்களைத் திட்ட வைத்திருந்ததில் பாதி மறந்துவிட்டது. மீதியை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

இவர் மேல் தப்பில்லை என்று வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எடுத்த மூன்றாம் நாள் உங்கள் நாட்டு விமானம் வந்து நிலையத்தின் மேல் குண்டு போட்டது. இவர் அப்போது வெளியே இருந்தார், பிழைத்தார், கூட இருந்தவர் பிழைக்கவில்லை. எந்தப் பெட்டியைக் காட்டிக்கொடுத்து எந்த நிலையத்தைக் காப்பாற்றினோமோ அதை வேறு கை வந்து உடைத்துவிட்டுப் போகிறது. உங்கள் ஊர் மேலும் எங்கள் ஆட்கள் இதைத்தான் செய்கிறார்கள் என்று தெரியும். பொத்தான் வாங்க வந்தவளையும் இவர் கூட்டாளியையும் நினைத்து அழுதால், எந்தப் பக்கத்தைத் திட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

உங்கள் பிள்ளையைப் போய்ப் பார்த்தேன். பத்து தடவை அலைய விட்டார்கள். என்ன உறவு என்றார் அதிகாரி. என் பெண்ணின் கொழுந்தன் என்றேன். "ஊரையே கொளுத்த வந்தவனுக்கு உறவு கொண்டாட வந்தீங்களா?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். வேண்டுமென்றா உறவானோம், ஆகிவிட்டோம் என்றேன். கம்பிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவனும். சாப்பிடுகிறான், ஆனால் தாடைதான் தெரிகிறது. ஒன்றே ஒன்று கேட்டான்.

"யார் அத்தை சொன்னது?"

"நான்தான். பெட்டியைத் திறந்து பார்த்தேன்."

"திறக்க மாட்டேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். திறந்துட்டேன்."

எழுந்து போய்விட்டான். சம்பந்தி வீட்டார் மேல் கோபப்படுவது உலகத்தில் இல்லாத விஷயமில்லை, அதை நான் தாங்கிக்கொள்வேன். பெற்றவளே சொன்னாள் என்று தெரிந்தால் அந்தப் பையன் உள்ளே எதைப் பிடித்துக்கொண்டு இருப்பான்? உங்களிடம் கேட்காமல் சொல்லிவிட்டேன்.

வாரம் ஒரு முறை பார்க்கலாமாம். போகிறேன். உங்களுக்காக இல்லை. எனக்கே அந்த டம்ளரை மறக்க முடியவில்லை.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவள்


ஆகஸ்ட் 11

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் வீட்டுக்காரர் உயிர் தப்பியதைப் படித்து இங்கே மூவரும் அழுதோம். அவர் கூட்டாளியின் வீட்டாருக்கு என் வருத்தத்தைச் சொல்ல முடியுமானால் சொல்லுங்கள். இந்த நாட்டிலிருந்து என்று சொல்ல வேண்டாம். மகள் நலம். அடுத்த மாத நடுவில் பிரசவம் ஆகும். குழந்தை திரும்பிச் சரியாகத் தலை கீழாக இருக்கிறது.

அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் பெட்டியைத் திறக்கவில்லை, எழுதினவள் நான்.

என் வார்டில் அந்த ஆட்களோடு இருந்த ஒரு பையன் காலில்லாமல் படுத்திருக்கிறான். அங்கே என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்டேன். "எங்க அம்மாங்க எல்லாம் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, ஆனா மனசுக்குள்ள நம்ம பக்கம்தான்னு சொல்வாங்க" என்றான். என் பிள்ளையும் அதை நம்பித்தான் போயிருப்பான். ஒரு வருடம் நான் வாயைத் திறக்காமல் இருந்தது அதற்குச் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. நான் அந்தப் பக்கம் இல்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும். கோபம் வந்தால் என் மேல் வரட்டும். என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றாலும் சரி. செய்தது தப்பு என்று உலகமே சொன்னாலும் அவன் கேட்க மாட்டான், அம்மா சொன்னாள் என்றால் ஒரு நாளாவது யோசிப்பான்.

என்னைக் காப்பாற்ற நினைத்தீர்கள். கூடப் பிறந்தவளும் இதைச் செய்திருக்க மாட்டாள்.

இப்படிக்கு,
பிள்ளையைப் பெற்றவள்


செப்டம்பர் 8

அன்புள்ள சம்பந்தி அம்மாளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் உடம்பையும் கவனித்துக்கொள்ளுங்கள், பிரசவம் பார்க்க இரண்டு முழங்கால் வேண்டும்.

சொல்லிவிட்டேன். முதலில் அவன் நம்பவில்லை. "அம்மா எழுதியிருக்க மாட்டாங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். நான் சொன்னேன்: "உயிரோட பிடிக்கச் சொல்லுங்க, உங்க வீட்டுக்குள்ள வச்சுப் பிடிச்சா ஓட மாட்டான், அங்க அவனுக்குப் பயமில்லன்னு எழுதினா உங்கம்மா. வேற யாருக்குடா அது தெரியும்?" கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான். காவலர் நேரம் முடிந்தும் எழுப்பவில்லை.

அடுத்த வாரம் போனேன், வெளியே வரவில்லை. நேரம் முடியும் வரை காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். உங்களிடம் இதை மறைக்க மாட்டேன், மறைத்துப் பட்டதெல்லாம் போதும். நேற்று வந்தான். பஸ்ஸில் போனவர்களைப் பற்றிக் கேட்டான். அந்தக் குண்டு அவன் வைத்ததில்லை என்றான், ஆனால் வைத்தவனை அவனுக்குத் தெரியுமாம். பொத்தான் வாங்குகிறவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். கிளம்பும்போது கூப்பிட்டான்.

"நான் எழுதினா அம்மா படிப்பாங்களா அத்தை?"

நிவாரண அலுவலகத்தில் விசாரித்தேன். ஜெயிலுக்கும் கடிதம் போகுமாம், அங்கிருந்தும் வருமாம். ஆனால் குடும்பத்துக்கு மாதம் ஒன்றுதான் என்பதில் மாற்றமில்லை. அவனுக்கு எழுதினால் எனக்கு எழுத முடியாது. எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன், அங்கே வேலை பார்க்கிற பெண் பாவம், சட்டம் அப்படி என்கிறாள்.

ஆகையால் இனி எனக்கு எழுத வேண்டாம். உங்கள் கடிதத்தை அவனுக்குப் போடுங்கள். குழந்தை பிறந்ததும், ஆணா பெண்ணா, யார் ஜாடை, என் பெண் எழுந்து உட்கார்ந்தாளா, பால் குடிக்கிறதா, எல்லாவற்றையும் அவனுக்கே எழுதுங்கள். வாரா வாரம் நான் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். அவன் படித்துக் காட்டட்டும்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவள்